நாலே அறிகுறியா, உடம்பு வலியையும் சேர்த்தா?

2020 மார்ச்சில் அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தின் கிங் கவுன்டியில், கொரோனா உறுதியான 48 சுகாதாரப் பணியாளர்களிடம் முதன்முதலில் என்ன தொந்தரவு வந்தது என்று கேட்டார்கள். வேலைக்கு வரும் பணியாளரை மருத்துவமனை வாசலில் எந்த அறிகுறிப் பட்டியலை வைத்து நிறுத்துவது என்ற கேள்விக்கு அந்தப் பதில்கள் நன்றாகவே உதவுகின்றன.

முதல் வழி, காய்ச்சல், இருமல், மூச்சுத்திணறல், தொண்டை வலி இந்த நாலை மட்டும் கேட்பது. வேலை சுலபம், வீணாக வீட்டுக்கு அனுப்பப்படுபவர்களும் குறைவு. ஆனால் 48 பேரில் 8 பேருக்கு ஆரம்பத்தில் இந்த நாலில் ஒன்றுகூட இல்லை, அதாவது ஆறில் ஒருவர் சாதாரணமாக உள்ளே போய் நோயாளிகளைப் பார்த்திருப்பார். வெப்பமானியை நெற்றிக்கு நேராகக் காட்டுவதோடு நிறுத்திக்கொண்டால் இன்னும் மோசம், ஏனென்றால் காய்ச்சலோடு தொடங்கியவர்கள் பாதிப்பேர்கூட இல்லை.

இரண்டாவது வழி, தசை வலியையும் குளிர் நடுக்கத்தையும் சேர்ப்பது. தவறவிடுவது சுமார் 17 சதவீதத்திலிருந்து 10 சதவீதமாகக் குறைகிறது. சிக்கல் என்னவென்றால், இரவுப் பணி முடித்த எந்த நர்ஸுக்குத்தான் உடம்பு வலிக்காது? ஆள் பற்றாக்குறை கட்டாயம் வரும்.

இருந்தாலும் பரிசோதனை வசதி கையில் இருந்தால் நான் இரண்டாவதையே எடுப்பேன். அப்புறம் இன்னொன்று, அந்த 48 பேரில் 31 பேர் அறிகுறி வந்த பிறகும் வேலைக்கு வந்திருக்கிறார்கள். சம்பளத்தோடு விடுப்பு கிடைக்காதவரிடம் எத்தனை கேள்வி கேட்டாலும் "ஒன்றுமில்லை" என்றுதான் சொல்வார்.