நாலு போலீஸ்காரரை எந்தத் தெருவுக்கு அனுப்புவது?

ஒரு ஏரியாவில் அடுத்தடுத்து இரண்டு செயின் பறிப்பு நடந்தால் போதும், "ரோந்தை அதிகப்படுத்துங்கள்" என்று மனு போய்விடும். ஸ்டேஷனிலும் மறுக்க மாட்டார்கள். ஒரு வாரம் ரோந்து வண்டி விளக்கைச் சுழற்றிக்கொண்டு வந்துபோகும், அப்புறம் வேறு ஏரியாவில் பிரச்சினை, வண்டி அங்கே போய்விடும். கையில் இருக்கிற ஆட்களை எப்படிப் பிரித்து அனுப்பினால் பலன் என்பதை அமெரிக்க நகரங்கள் ஐம்பது வருடமாகச் சோதித்துப் பார்த்திருக்கின்றன. முக்கியமான நாலைந்து வழிகளை ஒப்பிட்டால் யாருக்கு எது உதவும் என்பது தெரியும்.

நம் மனுக்கள் கேட்கிற வண்டி ரோந்தை முதலில் பார்ப்போம். மிசௌரி மாநிலத்துக் கன்சாஸ் சிட்டியில் 1972 அக்டோபரில் தொடங்கி ஒரு வருடம் இதைச் சோதித்தார்கள். 15 பீட்களை, அதாவது ரோந்துக்காகப் பிரித்த பகுதிகளை, மூன்றாகப் பிரித்தார்கள். ஐந்தில் வழக்கம்போல ரோந்து. ஐந்தில் இரண்டு மூன்று மடங்கு. மீதி ஐந்தில் ரோந்தே கிடையாது, யாராவது அழைத்தால் மட்டும் வண்டி வரும். வருட முடிவில் மூன்று வகைப் பகுதிகளிலும் குற்றங்களில் சொல்லும்படியான வித்தியாசமே இல்லை. மக்களின் பயத்திலும் இல்லை. ரோந்து நின்றுபோனதையே அங்கே குடியிருந்தவர்கள் பெரிதாகக் கவனிக்கவில்லை என்பதுதான் வேடிக்கை. தெருவுக்குத் தெரு வண்டி ஓடினாலும் எந்த ஒரு மூலையிலும் அது நிற்பது சில நொடிதான். திருடனுக்கு அந்த நொடி கடந்தால் போதும்.

அடுத்தது நடை ரோந்து. நியூ ஜெர்சியின் நியூவார்க்கில் 1978-79இல் பார்த்தபோது இதன் முடிவு விசித்திரமாக இருந்தது. குற்றம் குறையவில்லை. ஆனால் மக்களின் பயம் குறைந்தது, போலீஸ் மீது மதிப்பு கூடியது, ஏரியா பாதுகாப்பாகிவிட்டது என்றே பலரும் நம்பினார்கள். இதை ஏமாற்று வேலை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. இருட்டியதும் கடையை மூடிவிட்டு ஓடுகிறவர் ஒன்பது மணி வரை திறந்து வைத்தால், அந்தத் தெருவுக்கு அதுவே ஒரு காவல். ஆனால் கமிஷனர் மேஜையில் இருக்கும் புள்ளிவிவரத்தில் இதற்கு இடமில்லை.

மூன்றாவது வழிக்கு வேர் மினியாபொலிஸில் இருக்கிறது. அங்கே போலீஸுக்கு வந்த அழைப்புகளை முகவரி வாரியாக எண்ணிப் பார்த்தபோது, பாதி அழைப்புகள் வெறும் 3 சதவீத முகவரிகளிலிருந்து வந்தது தெரிந்தது. அப்படியானால் 'மோசமான ஏரியா' என்று நாம் சொல்வதே பாதி தப்பு. மோசம் என்பது அந்த ஏரியாவில் ஒரு சாராயக் கடை வாசல், ஒரு பஸ் ஸ்டாப், ஒரு பாழடைந்த கட்டடம். பக்கத்துத் தெரு நிம்மதியாகத் தூங்குகிறது. 1988-89இல் 110 மூலைகளைத் தேர்ந்தெடுத்து, குலுக்கல் முறையில் பாதிக்கு மட்டும் போலீஸை அதிகமாக அனுப்பினார்கள். அந்த மூலைகளில் அழைப்புகளும் ரகளையும் குறைந்தன. அதே தரவை வைத்து இன்னொன்றும் கண்டுபிடித்தார்கள்: ஓரிடத்தில் 10 முதல் 15 நிமிடம் நின்றுவிட்டு நகர்வதுதான் லாபம். அதற்கு மேல் நிற்பதில் கூடுதல் பயன் குறைந்துகொண்டே போகிறது.

சென்னையில் பட்டா புத்தகம் என்ற ஏற்பாடு உண்டு. கோயில், ஏடிஎம், பூட்டிய வீடு என்று குறித்த இடங்களில் வைத்திருக்கும் நோட்டில் ரோந்துக் காவலர் வந்து நேரம் போட்டுக் கையெழுத்திட வேண்டும். யோசனை கிட்டத்தட்ட அதேதான். ஆனால் கையெழுத்துக்கு அரை நிமிடம் போதும். நோட்டு எங்கே இருக்கிறது, அங்கே எவ்வளவு நேரம் நிற்கிறார் என்பதில்தான் பலன் இருக்கிறது.

நடையையும் குறித்த மூலையையும் சேர்த்துப் பார்த்தது பிலடெல்பியா, 2009 கோடையில். பயிற்சி முடித்து வந்த புதுக் காவலர்களை இரண்டிரண்டு பேராக 60 இடங்களில் நடக்கவிட்டார்கள். அதே மாதிரியான இன்னொரு 60 இடங்களை ஒப்பிடுவதற்காக விட்டுவைத்தார்கள். வன்முறைக் குற்றங்கள் 23 சதவீதம் குறைந்தன. கொஞ்சம் பக்கத்துத் தெருக்களுக்கு நகர்ந்தது உண்மை. அதைக் கழித்த பிறகும் 53 குற்றங்கள் நடக்காமல் தடுக்கப்பட்டன என்று கணக்குச் சொன்னது. சரி, இதோடு முடித்துக்கொள்ளலாமா? முடியாது. ரோந்து நின்றதும் பலனும் மங்கிவிட்டது. காவலர்களும் சலித்துப்போய், தங்களுக்கு விட்ட எல்லையைத் தாண்டி நடக்க ஆரம்பித்தார்கள். அதோடு, அந்த இடங்களில் வழிமறித்து விசாரிப்பதும் கூடியது.

வழிமறிப்பையே முறையாக்கினால் எங்கே போய் நிற்கும் என்பதற்கு நியூயார்க் சாட்சி. 2011இல் மட்டும் 6,85,000-க்கு மேற்பட்ட முறை ஆட்களை நிறுத்தி விசாரித்தார்கள். பத்தில் ஏறக்குறைய ஒன்பது பேரிடம் எதுவும் சிக்கவில்லை. நிறுத்தப்பட்டவர்களில் பெரும்பாலோர் கறுப்பின, லத்தீன் இளைஞர்கள். 2013இல் நீதிமன்றம் அந்த நடைமுறையை அரசமைப்புக்கு விரோதம் என்றது. அதற்குப் பிறகு நிறுத்தங்கள் மளமளவென்று சரிந்தன. பலர் பயமுறுத்தியபடி குற்றம் எகிறவில்லை. இந்த வழியை நான் ஒதுக்கிவிடுவேன்.

சுவரில் கிறுக்குவது, கண்ணாடி உடைப்பது போன்ற நாசவேலைக்கு மட்டும் போலீஸே சரியான ஆள் இல்லை என்பது என் கட்சி. நியூயார்க் சுரங்க ரயில் ஒரு காலத்தில் உள்ளும் புறமும் பெயின்ட் கிறுக்கலாக ஓடியது. காவலும் வேலியும் போட்டும் நிற்கவில்லை. 1984இலிருந்து நிர்வாகம் வேறு வழிக்கு வந்தது. சுத்தம் செய்த பெட்டியில் மறுபடி கிறுக்கினால், கழுவி முடிக்கும்வரை அது வெளியே போகாது. ராத்திரி முழுக்கக் கஷ்டப்பட்டு எழுதிய பையனின் பெயரை ஊரில் ஒருவர்கூடப் பார்க்க மாட்டார். 1989 மே மாதம் கடைசிக் கிறுக்கல் பெட்டியும் சேவையிலிருந்து போனது. பிலடெல்பியாவில் குப்பை மண்டிய காலி மனைகளைச் சுத்தம் செய்து, புல் போட்டு, சிறு மரவேலி அடித்த சோதனையும் இந்த ரகம்தான். 541 மனைகளை வைத்து நடந்த ஆய்வில், மிக ஏழ்மையான பகுதிகளில் துப்பாக்கிச் சூடு 29 சதவீதம் குறைந்ததாகத் தெரிந்தது.

ஆக, நாலு பேரும் ஒரு வண்டியும் இருந்தால், வண்டியை அழைப்புக்கு விடுவேன். நாலு பேரையும் இருட்டும் நேரத்தில் மோசமான மூன்று நாலு மூலைகளுக்கு நடக்க அனுப்புவேன், ஒவ்வொன்றிலும் கால் மணி நேரம். எந்த மூலைக்கு எப்போது போவார்கள் என்பது தினம் மாற வேண்டும். உடைந்த விளக்கும் காலி மனையும் மாநகராட்சி பாடு.

எந்த மூலை மோசம் என்று யார் சொல்வது? போலீஸ் பதிவேட்டை மட்டும் நம்பினால், புகார் கொடுக்கத் தெரிந்தவர் தெருவுக்கே ஆள் போகும். அடி வாங்கியும் ஸ்டேஷன் வாசல் மிதிக்கப் பயப்படுகிறவர் தெரு வரைபடத்தில் காலியாக இருக்கும். வேல்ஸ் நாட்டுக் கார்டிஃப் நகரில் ஜொனாதன் ஷெப்பர்ட் என்ற முக அறுவை மருத்துவர் இதற்கு வழி கண்டார். தன்னிடம் தையல் போட வருகிறவர்களில் பலருடைய அடிதடி போலீஸ் பதிவிலேயே இல்லை என்பதைக் கவனித்தவர் அவர். அவசரப் பிரிவு வரவேற்பில் 'எங்கே அடி பட்டது, எதனால்' என்று மட்டும் கேட்டு எழுதி, பெயரை நீக்கிவிட்டு போலீஸுக்கும் நகரசபைக்கும் கொடுக்க ஏற்பாடு செய்தார். ரோந்து வழியை அதை வைத்து மாற்றினார்கள். அதேபோன்ற மற்ற நகரங்களோடு ஒப்பிட்டபோது, அடிபட்டு ஆஸ்பத்திரியில் சேர்கிறவர்கள் கார்டிஃபில் குறைந்திருந்தார்கள்.