விளிம்பில் மட்டும் ஒட்டாத தாள்: கிளிங் ராப்பும் அதன் மாற்றுகளும்

கிளிங் ராப் என்று விற்கப்படும் மெல்லிய பிளாஸ்டிக் தாள், பாத்திரத்தின் விளிம்பைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் ஒட்டும். சுருளிலிருந்து இழுக்கும்போது தன்மீதே ஒட்டிக்கொள்ளும், விரல்களில் ஒட்டும், மடிந்த இடத்தில் மடிந்தபடியே கிடக்கும். ஈரமான கிண்ணத்தின் விளிம்பில் வைத்து அழுத்தினாலோ, சிறிது நேரத்தில் மெல்ல மேலெழும்பி உணவைத் திறந்துவிட்டு நிற்கும். பல ஆண்டுகள் இதனோடு மல்லுக்கட்டிய பிறகு, மாற்று என்று சொல்லப்படுபவற்றை ஒவ்வொன்றாக வாங்கி, ஏறக்குறைய ஓராண்டுக் காலம் என் சமையலறையில் மாற்றி மாற்றிப் பயன்படுத்திப் பார்த்தேன். நான் வாங்கியவற்றின் வணிகப் பெயர்களை இங்கே தரவில்லை. நான் கண்ட குறைகளில் பெரும்பாலானவை எந்தத் தயாரிப்பாளரிடமும் இல்லை, பொருள்களின் இயல்பிலேயே இருக்கின்றன.

முதலில் அந்த அட்டைப்பெட்டியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனெனில் எரிச்சலில் பாதி அதிலிருந்துதான் தொடங்குகிறது. வெட்டுவதற்கென்று விளிம்பில் ஒட்டியிருக்கும் உலோகப் பற்கள் தாளைவிட விரலை எளிதாக அறுக்கின்றன. தாள் நேராகக் கிழியாமல் மூலைவாட்டில் கிழிந்துவிட்டால், மிச்ச நுனி சுருளோடு ஒன்றிப்போய்விடும். பிறகு அதை நகத்தால் சுரண்டித் தேட வேண்டும். அவ்வாறு நுனி தொலைந்தபோது, ஒட்டுநாடாத் துண்டு ஒன்றைச் சுருளின்மேல் அழுத்தி வெடுக்கென்று இழுப்பதே எனக்குப் பயன்பட்ட ஒரே வழி. பல பெட்டிகளின் இரு பக்கங்களிலும் உள்நோக்கித் தள்ளுவதற்கென்று சிறிய அட்டைத் துண்டுகள் வெட்டப்பட்டிருக்கும்; அவற்றை உள்ளே அழுத்தினால் சுருளின் இரு முனைகளும் பிடிபட்டு, இழுக்கும்போது சுருள் துள்ளி வெளியே வராது. இதை நான் எத்தனையோ பெட்டிகளைத் தீர்த்துவிட்டுத்தான் கவனித்தேன் என்பதைச் சற்று வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். சுருளைச் சிறிது நேரம் உறைபெட்டியில் வைத்து எடுத்தால் தன்மீதே ஒட்டுவது குறையும் என்ற யோசனையையும் செய்து பார்த்தேன். ஓரளவு பலன் இருந்தது, ஆனால் சுருள் அறைவெப்பத்துக்கு வந்ததும் பழைய கதைதான்.

முன்பெல்லாம் இந்தத் தாள் நன்றாக ஒட்டியது என்று சிலர் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அது வெறும் பழம்பெருமை அன்று. 1933ஆம் ஆண்டு டௌ கெமிக்கல் நிறுவனத்தின் ஆய்வகத்தில் கண்ணாடிக் கலங்களைக் கழுவிக்கொண்டிருந்த ரால்ஃப் வைலி என்ற இளைஞர், எவ்வளவு தேய்த்தும் போகாத ஒரு படிவைக் கண்டார். பாலிவினைலிடீன் குளோரைடு என்ற அந்தப் பொருளே பின்னர் சரான் என்ற பெயரில் தாளாகி, 1950களில் வீடுகளுக்குள் வந்தது. கழுவினாலும் போகாமல் ஒட்டிக்கொண்டிருப்பதாலேயே கண்ணில் பட்ட பொருள், ஒட்டுவதற்கென்றே பயன்பட்டது பொருத்தம்தான். நீராவி, உயிர்வளி, மணம் ஆகிய மூன்றையும் அது நன்றாகத் தடுத்தது. ஆனால் அதில் குளோரின் இருந்ததால், அதன் உரிமையைப் பின்னாளில் பெற்றிருந்த நிறுவனம் 2004இல் அதைக் கைவிட்டு, பாலிஎத்திலீனுக்கு மாறியது. பாலிஎத்திலீன் ஈரத்தை நன்றாகத் தடுக்கும்; உயிர்வளியையும் மணத்தையும் பெருமளவு விட்டுவிடும்; பழைய தாளைப் போல ஒட்டவும் ஒட்டாது. பாதி வெங்காயத்தை இந்தத் தாளில் மூன்று சுற்றுச் சுற்றி வைத்தபோதும் மறுநாள் குளிர்பதனப் பெட்டி முழுவதும் அதன் வாடை வீசியதற்குக் காரணம் என் கைத்திறக் குறைவு அன்று என்று தெரிந்தபோது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. ஜப்பானில் இன்றும் பழைய வகைத் தாள் வீடுகளுக்காக விற்கப்படுகிறது.

மூன்றாவது வகை பிவிசி தாள். அது நன்றாக இழுபடும், நன்றாக ஒட்டும், கையாள்வதும் எளிது. ஆனால் அந்த நெகிழ்வைத் தருவதற்காகச் சேர்க்கப்படும் பொருள்கள் கொழுப்பில் கரையக்கூடியவை. வெண்ணெய், பாலாடைக்கட்டி, எண்ணெய் மிதக்கும் உணவு ஆகியவற்றின்மீது தாள் நேரடியாகப் படும்போது அந்தச் சேர்பொருள்களில் ஒரு பங்கு உணவுக்குள் இறங்கும். எனவே சுருளை வாங்கும்போது, அது எந்தப் பிளாஸ்டிக்கால் ஆனது, கொழுப்பு மிகுந்த உணவின்மீது படலாமா என்ற இரண்டையும் பெட்டியில் தேடிப் படிப்பது நல்லது. எந்த வகையானாலும், மைக்ரோவேவில் வைக்கும்போது தாள் உணவைத் தொடாமலும், ஆவி வெளியேற ஓரத்தில் சிறு இடைவெளி இருக்கும்படியும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மாற்றுகளைப் பயன்படுத்தத் தொடங்கிய முதல் மாதத்தில் எனக்குக் கிடைத்தவை ஏமாற்றங்களே. அதற்குக் காரணம், மூடுவது என்பது ஒரே வேலை என்று நான் நினைத்திருந்ததுதான். குளிர்பதனப் பெட்டிக்குள் சுற்றும் காற்றின் ஈரம் குளிர்ந்த குழாய்களில் படிந்துவிடுவதால் அந்தக் காற்று வறண்டது. திறந்து வைத்த உணவிலிருந்து அது ஈரத்தை உறிஞ்சும். அதைத் தடுப்பது ஒரு வேலை. ஒன்றின் மணம் இன்னொன்றில் ஏறாமல் தடுப்பது வேறொரு வேலை, இதற்குக் காற்றுப் புகாத அடைப்பு வேண்டும். மேல்தட்டிலிருந்து எதுவும் சொட்டாமலும், வெளியில் வைத்தால் ஈ மொய்க்காமலும் காப்பது இன்னொன்று. இதற்கு எந்த மூடியும் போதும். கிளிங் ராப் இந்த மூன்றையும் அரைகுறையாகச் செய்தது. மாற்றுகள் ஒவ்வொன்றும் ஏதாவது ஒன்றை நன்றாகச் செய்கின்றன.

தேன்மெழுகுத் துணியின்மீதுதான் எனக்கு மிகுந்த எதிர்பார்ப்பு இருந்தது. பருத்தித் துணியில் தேன்மெழுகு, மரப்பிசின், ஏதேனும் ஒரு தாவர எண்ணெய் ஆகியவற்றை உருக்கி ஊறவைத்துச் செய்யப்படும் இந்தத் துணியில் ஒட்டும் தன்மையைத் தருவது முக்கியமாகப் பிசினே. அது மெழுகு பூசிய துணியாக மட்டும் இருந்தால் வெறுமனே விறைப்பாக நிற்கும். துணியைக் கிண்ணத்தின்மேல் விரித்து இரு உள்ளங்கைகளையும் விளிம்பைச் சுற்றி அரை நிமிடம் பொத்திப் பிடித்தால், கைச்சூட்டில் மெழுகு இளகி விளிம்பின் வடிவத்தை ஏற்கும். கையை எடுத்ததும் அப்படியே நிற்கும். இந்தச் செய்கையில் ஓர் இன்பம் இருக்கிறது என்பதை மறுக்க முடியாது. ரொட்டி, பாலாடைக்கட்டி, வெட்டிய வெள்ளரி, பாதி எலுமிச்சை ஆகியவற்றை இதில் பொதிந்து வைத்தபோது அவை காயவும் இல்லை, பிளாஸ்டிக்கில் வைத்ததைப் போல வியர்த்துப் பிசுபிசுக்கவும் இல்லை. அடைப்பு முழுமையற்றது என்பதுதான் இங்கே அதன் பலம்.

ஆனால் குளிர்காலக் காலைகளில் என் கை சில்லிட்டிருந்த நாள்களில் துணி ஒட்டவே மறுத்தது. தேன்மெழுகு ஏறத்தாழ 62 முதல் 64 டிகிரி செல்சியஸில் உருகிவிடும் என்பதால் சூடான உணவின்மீது இதைப் போடவே கூடாது. வெந்நீரில் கழுவவும் கூடாது. வெந்நீரில் கழுவ முடியாத ஒரு துணியில் பச்சை இறைச்சியையோ மீனையோ பொதிவது அறிவீனம், ஏனெனில் அதைச் சரியாகத் தூய்மை செய்ய வழியே இல்லை. வெங்காயம் பொதிந்த துணியில் பிறகு வைத்த எதுவும் வெங்காயமாகவே மணந்தது. கடைசியில் அதற்கென்று ஒரு துணியைத் தனியே ஒதுக்கிவிட்டேன். ஓராண்டின் முடிவில் மடிப்புக் கோடுகளில் மெழுகு உதிர்ந்து வெள்ளைத் தடங்கள் தெரிந்தன. இரண்டு காகிதத் தாள்களுக்கு இடையே வைத்து இளஞ்சூட்டில் இஸ்திரி போட்டபோது மெழுகு மீண்டும் பரவி, துணிக்கு இன்னும் சில மாத ஆயுள் கிடைத்தது. மெழுகும் பிசினும் படிந்த அந்த இஸ்திரிப் பெட்டியைத் துடைக்க ஆன நேரத்தை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

இழுத்து மாட்டும் சிலிகோன் மூடிகளைப் பற்றி நேர்மையாகச் சொன்னால், அவை வேலை செய்யும்போது அவற்றுக்கு இணை இல்லை. உருண்டையான, வழவழப்பான விளிம்புள்ள கண்ணாடிக் கிண்ணத்தில், விளிம்பு உலர்ந்திருந்தால், மூடி இறுகப் பிடித்துக்கொள்ளும். கிண்ணத்தைச் சாய்த்தாலும் சிந்தாது. விளிம்பில் ஒரு துளி எண்ணெய் இருந்தால் போதும், மாட்டிய மூடி ஒரு பக்கமாக வழுக்கி, நாம் திரும்பிப் பார்ப்பதற்குள் துள்ளிக் கழன்றுவிடும். சதுரப் பாத்திரங்களில் மூலைகளைப் பிடிப்பதற்குள் எதிர்மூலை விடுபட்டுவிடும். ஆறு அளவுகளில் ஒரு தொகுதியாக வந்தவற்றில் நான் தொடர்ந்து பயன்படுத்துவது நடுத்தர அளவுள்ள இரண்டை மட்டுமே. மிகச் சிறியது எதற்கும் பொருந்தாமல் இழுப்பறையில் தூங்குகிறது. இன்னொரு குறை, சிலிகோன் மணத்தையும் சவர்க்கார வாசனையையும் உள்வாங்கிக்கொள்ளும். உணவு படாமல் வெறுமையாகச் சூடேற்றினால் அந்த வாடை பெருமளவு போய்விடும், ஏனெனில் இந்தப் பொருள் அடுப்புச் சூட்டையும் தாங்கக்கூடியது. ஆனால் எவ்வளவு வெப்பம் தாங்கும் என்று உறையில் அச்சிட்டிருப்பதைப் பார்த்துவிட்டே செய்ய வேண்டும்.

சுற்றிலும் எலாஸ்டிக் தைத்த துணி மூடிகளால் ஈரத்தையும் நிறுத்த முடியாது, மணத்தையும் நிறுத்த முடியாது. பிசைந்த மாவு பொங்கும் வரை மேசைமேல் மூடி வைக்க அவை அருமையானவை. அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

அலுமினியத் தாள் ஒட்டாது, ஆனால் மடித்த இடத்தில் மடிந்து நிற்கும். கிளிங் ராப்பிடம் நான் எதிர்பார்த்ததும் அவ்வளவுதான். மணத்தையும் ஈரத்தையும் ஒளியையும் அது பெருமளவு தடுக்கும். ஆயினும் துருப்பிடிக்காத எஃகுப் பாத்திரத்தில் இருந்த தக்காளிச் சாற்று உணவை இதனால் மூடி, தாள் உணவின்மேல் படும்படி ஓரிரவு விட்டபோது, காலையில் தாளில் ஊசித்துளைகளும் உணவின்மேல் சாம்பல்நிறப் புள்ளிகளும் இருந்தன. இரண்டு வெவ்வேறு உலோகங்களுக்கு இடையே உப்பும் புளிப்பும் உள்ள ஈரம் இருந்தால் அது ஒரு சிறு மின்கலமாகிவிடும். அதில் கரைந்துபோவது அலுமினியம். கண்ணாடிப் பாத்திரத்தில் இந்த மின்கலம் உருவாகாது. எனினும் புளிப்பான உணவை இந்தத் தாள் தொடாமல் வைப்பதே நல்லது.

நான்கு பக்கமும் கொக்கி மாட்டும் மூடியுள்ள கண்ணாடிப் பெட்டிகள்தாம் மணத்தை அடைப்பதில் எல்லாவற்றையும் வென்றன. வெங்காயச் சோதனையில் தேறியவை அவை மட்டுமே. எடை மிகுதி, இடத்தை அடைத்துக்கொள்ளும், உறைபெட்டியிலிருந்து எடுத்துச் சூட்டில் வைத்தால் விரிசல் விடக்கூடும். மூடியின் பள்ளத்தில் இருக்கும் சிலிகோன் வளையத்தை அவ்வப்போது கழற்றிக் கழுவ வேண்டும் என்பதை அறிவுறுத்தும் வாசகம் நான் வாங்கியவற்றில் எங்கும் இல்லை. முதன்முறை கழற்றிப் பார்த்தபோது அடியில் கரும்பூஞ்சை படர்ந்திருந்தது. அந்தப் பெட்டிக்கு நான் தரும் மதிப்பெண்ணில் பாதி அன்றே போய்விட்டது.

இத்தனைக்கும் பிறகு நான் நாள்தோறும் கையில் எடுப்பது ஏற்கெனவே அலமாரியில் இருந்த ஒரு தட்டை. கிண்ணத்தின்மேல் தட்டைக் கவிழ்த்தால் ஈரம் போதுமான அளவு நிற்கும், சொட்டுவது தடுக்கப்படும், மேலே இன்னொரு கிண்ணத்தை அடுக்கவும் முடியும். சூடு ஆறிக்கொண்டிருக்கும் உணவை இறுக மூடினால் ஆவி தண்ணீராகி அதன்மேலேயே சொட்டும், ஆறுவதும் தாமதமாகும். தட்டைச் சற்று நகர்த்தி இடைவெளி விட்டால் இரண்டும் நடக்காது. எப்படி ஆற வைத்தாலும், சமைத்த உணவை இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பதனப் பெட்டிக்குள் வைத்துவிட வேண்டும்; எந்த மூடியும் அந்தக் கணக்கை மாற்றாது. தட்டின் ஒரே குறை, மணத்தை அது நிறுத்தாது. கிளிங் ராப்பும் நிறுத்தவில்லை.

சுருளை நான் தூக்கி எறியவில்லை. பாலாடை படியக்கூடிய இனிப்புக் கூழின்மீதும், வெட்டியதும் கறுக்கும் பழக்கூழின்மீதும், இடையில் காற்றே இல்லாதபடி உணவின் பரப்பைத் தொட்டுப் படிய ஒரு தாள் வேண்டும்; மெழுகுத் துணியோ சிலிகோனோ தட்டோ அதைச் செய்ய முடியாது. அந்த வேலைக்கு, பிவிசி இல்லாத ஒரு சுருள் இழுப்பறையில் இருக்கிறது. முன்பு ஓரிரு மாதங்களில் தீர்ந்துகொண்டிருந்தது, இப்போது ஓராண்டாகியும் பாதிகூடக் கரையவில்லை. பெட்டியின் பக்கத் துண்டுகளை வாங்கிய அன்றே உள்ளே தள்ளிவிட்டேன். பற்கள் இன்னமும் விரலைத்தான் அறுக்கின்றன.