டிரான்ஸ்பார்மர் வந்தது, டோன் போனது

எங்கள் தெருவுக்குப் புது டிரான்ஸ்பார்மர் வந்துவிட்டது. தெருவே சந்தோஷமாக இருக்கிறது. ஃபேன் வேகமாகச் சுற்றுகிறது, மிக்சி முனகுவதில்லை, மோட்டார் ஒரே தட்டில் ஓடுகிறது. நான் ஒருவன்தான் எரிச்சலில் இருக்கிறேன். காரணம் என் கிட்டார் ஆம்ப், அதாவது கிட்டார் ஓசையைப் பெருக்கித் தரும் பெட்டி.

பழைய ரேடியோக்களில் இருந்ததுபோல் கண்ணாடி வால்வு போட்டது. 15 வாட், ஸ்பீக்கரை ஓட்டும் கடைசிக் கட்டத்தில் இஎல்84 என்ற வால்வு இரண்டு, முன்னால் 12ஏஎக்ஸ்7 என்ற சின்ன வால்வு மூன்று, 12 அங்குல ஸ்பீக்கர் ஒன்று. இந்த வகை வால்வு ஆம்பைப் பற்றி எழுதவேண்டியதையெல்லாம் எழுதிவிட்டார்கள். கம்பெனி பெயர் வேண்டாம். நான் திட்டப்போவதில் பாதி அதன் குற்றமே இல்லை.

வீடு மதுரையில் ஆனையூர்ப் பக்கம். கோடையில் சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் வீட்டுக்கு வீடு ஏசி ஓடத் தொடங்கியதும் வோல்டேஜ் 205-க்கு இறங்கி நிற்கும். அந்த நேரத்தில்தான் இந்த ஆம்ப் பாடும். பகலில் அதே கிட்டார், அதே கேபிள், குமிழ்களும் அதே இடத்தில். ஆனால் ஓசையில் ஒரு விறைப்பு. கம்பியை அழுத்தி மீட்டினால் 'டங்' என்று முகத்தில் அறையும். ஏழு மணிக்கு அதே மீட்டு லேசாக அமுங்கி, ஓரத்தில் கரகரத்து, நீண்டு நிற்கும். விரலால் மெல்ல வருடினால் சுத்தமாக வரும், அழுத்தினால் உறுமும். ஓசையை மாற்றும் பெடல் எதுவும் வேண்டாம், கை போதும். வெகுநாள் என் காதுதான் அப்படி என்று நினைத்திருந்தேன். பிளக்கில் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்த பிறகுதான் பிடிபட்டது.

விஷயம் எளிது. இஎல்84-க்குப் போகிற முன்னூறு சொச்சம் வோல்ட், சுவர் வோல்டேஜோடு சேர்ந்தே ஏறி இறங்கும். 230 வரவேண்டிய இடத்தில் 205 வந்தால் 15 வாட் ஏறக்குறைய 12 வாட் ஆகிவிடும். காதுக்குச் சத்தம் குறைந்ததே தெரியாது, ஒரு டெசிபல்தான் வித்தியாசம். ஆனால் வால்வு திணறத் தொடங்கும் இடம் முன்னாலேயே வந்துவிடும். கிட்டார்காரனுக்கு வேண்டியதே அந்தத் திணறல்தான். அமெரிக்காவில் ராக் கிட்டார்காரர் எடி வான் ஹேலன் 120 வோல்ட் லைனில் வேரியாக் (குமிழைத் திருகி வோல்டேஜை ஏற்றி இறக்கும் கருவி) வைத்து, தன் மார்ஷல் ஆம்பை 90 வோல்ட் சுமாருக்கு இறக்கி ஓட்டினார். அவர் காசு கொடுத்து வாங்கியதை எங்கள் தெரு எனக்கு இலவசமாகக் கொடுத்துக்கொண்டிருந்தது.

ஆனால் இதே தெருவில் மழைக்காலத்து ராத்திரி பதினொன்றுக்கு மேல் 255 காட்டும். அப்படி ஒரு ராத்திரி, வாசித்துக்கொண்டிருக்கும்போதே ஒரு வால்வின் உள்தகடு செக்கச்செவேல் என்று பழுத்தது. அணைப்பதற்குள் ஃப்யூஸ் போய்விட்டது. விற்ற கடையில் கேட்டால் போர்டையே மாற்றவேண்டும், வர மாதக்கணக்கில் ஆகும் என்றார்கள். ஆம்பைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

சிம்மக்கல் பக்கம் வால்வு ரேடியோ காலத்து மெக்கானிக் ஒரு பெரியவரிடம் தூக்கிக்கொண்டு போனேன். அவர் முதல் வேலையாக உள்ளே கண்டன்சர்களில் தேங்கியிருந்த கரண்டை இறக்கினார். ஸ்விட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கினாலும் அது உள்ளே நிற்கும்; விவரம் தெரியாதவர்கள் கையை விடவேண்டாம். கருகிய ரெசிஸ்டர் ஒன்றை மாற்றினார். அப்புறம் மேசை டிராயரிலிருந்து பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ் ஒரு காலத்தில் செய்த இஎல்84-கள் சிலவற்றை எடுத்தார். ஒவ்வொன்றும் எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்று அளந்து, ஒத்துப்போகிற இரண்டைப் பொறுக்கிப் போட்டார். 2022-இல் உக்ரைன் போர் தொடங்கியதும் ரஷ்ய வால்வுகள் விற்ற விலையைப் பார்த்தவர்களுக்கு அந்த டிராயரின் அருமை தெரியும். "தம்பி, ரேடியோவுல போட்டா இது வருசக்கணக்கா உழைக்கும். நீங்க வாங்கிப் போட்டு வதைக்கிறீங்க" என்றார். பதில் சொல்ல முடியவில்லை.

அவர் சொல்லித்தான் ஸ்டெபிலைசர் வாங்கினேன். வால்வுக்குப் பாதுகாப்பு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உள்ளே ரிலே மாறும்போது 'டொக்' என்று ஒரு தட்டல், வாசிப்புக்கு நடுவில் சத்தம் ஒரு குதி. ஏழு மணி ஓசையும் காலி. ஆகவே சாயங்காலம் ஆம்பை நேரடியாகச் சொருகுவேன், ராத்திரி ஸ்டெபிலைசரில் மாட்டுவேன். இப்படி ஓடிக்கொண்டிருந்த குடித்தனத்தில்தான் புது டிரான்ஸ்பார்மர் வந்து சேர்ந்தது. இப்போது எந்த நேரம் அளந்தாலும் 230-ஐ ஒட்டித்தான் நிற்கிறது. யாரிடம் போய்ப் புகார் சொல்வது?

கடைசியில் மோட்டார் வைண்டிங் கடை ஒன்றில் பழைய வேரியாக் கிடைத்தது. கனம் அதிகம், சுழற்றும்போது லேசாக முனகும், ஆனால் ஏழு மணியை எப்போது வேண்டுமானாலும் வரவழைக்கலாம். 210-இல் வைத்திருக்கிறேன். 207-க்குக் கீழே இறக்குவதில்லை. வால்வைச் சூடேற்றும் உள்கம்பியான ஹீட்டருக்கு 6.3 வோல்ட் வேண்டும், பத்து சதவீதம் வரை கூடக் குறைய இருக்கலாம் என்பது பொதுக்கணக்கு. அதற்கும் கீழே இறக்கியே ஓட்டினால் வால்வின் ஆயுள் குறையலாம்.

ஸ்பீக்கரையும் சொல்லிவிடுகிறேன். கூடவே வந்தது காதைக் குத்தும் ரகம். அதைக் கழற்றிவிட்டு செலஸ்டியன் கம்பெனியின் கிரீன்பேக் ஸ்பீக்கர் போட்டேன். 25 வாட், 8 ஓம். ஆம்ப் கேட்கிற ஓம் பார்த்து வாங்குங்கள், ஸ்பீக்கர் ஒயரை மாட்டாமல் வால்வு ஆம்பை ஒருபோதும் போடாதீர்கள், ஆம்புக்குள் ஸ்பீக்கரை ஓட்டும் அவுட்புட் டிரான்ஸ்பார்மர் போய்விடும். ஓசை உருண்டு வந்தது, சந்தேகமில்லை. ஆனால் ஒரு வாட் கொடுத்தாலே ஒரு மீட்டர் தள்ளி 98 டெசிபல் தருகிற ஸ்பீக்கர் இது. பத்துக்குப் பன்னிரண்டு அறையில் முழுசாகத் திறந்து வைப்பது நடக்கிற காரியமா?

இன்னொரு தொல்லை, கீச்சு ஓசை ஸ்பீக்கருக்கு நேர் எதிரே மட்டும்தான் பாயும். ஆம்ப் தரையில் இருந்தால் மேலே நின்று வாசிப்பவனுக்கு மந்தமாகக் கேட்கும். கீச்சைக் கூட்டும் ட்ரெபிள் குமிழை ஏற்றுவான், எதிரே சோபாவில் உட்கார்ந்திருப்பவர் காதைப் பொத்திக்கொள்வார். போதாததற்கு கிரானைட் தரை, கான்கிரீட் சுவர், திரும்பின பக்கமெல்லாம் எதிரொலி. இப்போது ஆம்ப் நாற்காலி மேல் சற்றே சாய்ந்து என் முகத்தைப் பார்த்து இருக்கிறது, எதிர்ச்சுவரில் ஜமுக்காளம் தொங்குகிறது. "என்ன, கல்யாண வீடா இது?" என்று வீட்டில் கேட்டாகிவிட்டது.

சரி, இவ்வளவும் எதற்கென்றால், திருமங்கலத்தில் சர்ச்சில் வாசிக்கும் தம்பி ஒருவன், "அண்ணே, இதே ஆம்ப் பழசு ஒண்ணு விலைக்கு வருது, வாங்கலாமா?" என்று கேட்டிருக்கிறான். வேண்டாம்டா. இதைவிட நல்ல ஓசை என் காதில் விழுந்ததில்லை, இருந்தாலும் வேண்டாம். சர்ச்சில் மைக் செட்காரர் உன்னை மிக்சரில்தான் போடப்போகிறார். ஆம்ப் ஓசையைப் போலி செய்யும் டிஜிட்டல் பெடல் ஒன்று வாங்கி நேராக அதில் சொருகு. சூடு கிடையாது, பாரம் கிடையாது, வால்வு தேடி அலையவேண்டாம்.

விற்கிறவர் நம்பரை மட்டும் எனக்கு அனுப்பு. உள்ளே என்ன வால்வு போட்டிருக்கிறார் என்று கேட்டு வை.