ரூட் செய்வதா, ஷிசுக்கு போதுமா?

ஆண்ட்ராய்டு ஃபோனை ரூட் செய்ய (அதாவது சிஸ்டத்தின் முழுக் கட்டுப்பாட்டையும் கையில் எடுக்க) ஆசைப்படும் பலருக்கு உண்மையில் வேண்டியது, கம்பெனி திணித்த ஆப்களை ஒழிப்பதுதான். அதற்கு, ரூட் இல்லாமலேயே மற்ற ஆப்களுக்குக் கூடுதல் அதிகாரம் வாங்கித் தரும் ஷிசுக்கு ஆப்பே போதும்.

தொடங்க:
ரூட் – ஃபோன் ஆன் ஆகும்போது சிஸ்டத்தை ஏற்றும் பூட்லோடரின் பூட்டைத் திறக்க வேண்டும். திறந்ததுமே படம், சாட் எல்லாம் அழிந்துவிடும்.
ஷிசுக்கு – ஆண்ட்ராய்டு 11 முதல் கணினிகூட வேண்டாம், டெவலப்பர் அமைப்புகளில் இருக்கும் வயர்லெஸ் டீபக்கிங்கை ஆன் செய்து ஷிசுக்குவோடு இணைத்தால் சரி. ஆனால் ஃபோனை ரீஸ்டார்ட் செய்தால் பொதுவாக ஷிசுக்குவை மறுபடி இயக்க வேண்டும், அது ஒரு தொல்லை.

கிடைப்பது:
ரூட் – ஆப்களை டேட்டாவோடு பேக்கப் எடுக்கலாம், சிஸ்டத்திலேயே கை வைக்கலாம்.
ஷிசுக்கு – கம்பெனி திணித்த ஆப்களை நீக்கலாம். ஆனால் நீக்கிய சிஸ்டம் ஆப், ஃபேக்டரி ரீசெட் செய்தால் திரும்ப வந்து நிற்கும்.

ஆபத்து:
ரூட் – சாம்சங்கில் ரூட்டுக்காக பூட் இமேஜை (ஃபோனைத் தொடங்கிவைக்கும் சிஸ்டம் கோப்பை) மாற்றினால், அந்தக் கம்பெனியின் நாக்ஸ் பாதுகாப்பு நிரந்தரமாகப் போய்விடும். கம்பெனியின் அசல் மென்பொருளை மறுபடி ஏற்றினாலும் திரும்பாது. வங்கி ஆப்களும் முரண்டு பிடிக்கும். ரூட் செய்ய உதவும் மேஜிஸ்க் என்ற கருவியில் ரூட்டை அவற்றிடமிருந்து மறைக்கலாம்தான், ஆனால் அது ஓயாத எலி-பூனை ஆட்டம். நான் ரூட் செய்த மறுநாள் காய்கறிக் கடையில் கியூஆர் முன்னால் ஃபோனை நீட்டினேன். ஆப் திறக்கவே இல்லை. தக்காளியைக் கடன் சொல்லி வாங்கி வந்தேன்.
ஷிசுக்கு – தவறான ஆப்பை நீக்காதவரை பெரிதாக ஒன்றுமில்லை.

தினமும் பணம் அனுப்பும் ஃபோனுக்கு ஷிசுக்கு. அப்டேட் நின்றுபோய் மேசை டிராயரில் கிடக்கும் பழைய ஃபோன் இருக்கிறதா? அதைத் தாராளமாக ரூட் செய்யுங்கள்.