ஹார்ட் டிஸ்க் வாங்கப் போறவங்க படிச்சுட்டுப் போங்க: புதுசுன்னு பழசத் தந்துட்டாங்க, 9,200 ரூபா போச்சு

வயித்தெரிச்சல்ல எழுதுதேன், முன்னப்பின்ன இருந்தா பொறுத்துக்கோங்க.

பாளையங்கோட்டைல கல்யாண வீடியோ எடிட்டிங் பண்ணுதேன். ஒரு பழைய சிஸ்டத்துல உபுண்டு போட்டு ரெண்டு 4 டிபி டிஸ்க்க சாஃப்ட்வேர் ரெய்டு 1ல, அதாவது ரெண்டுலயும் ஒரே டேட்டா இருக்க மாதிரி மிரரா, ஓட்டிட்டு இருக்கேன். அதுல ஒண்ணு படுத்துட்டு. ரெய்டு நெலவரம் காட்டுற எம்டிஸ்டாட்ல [யுயு]ன்னு நிக்க வேண்டிய எடத்துல [யு_]. ஆவணி முகூர்த்தம் பூரா மிச்சம் இருக்க அந்த ஒத்த டிஸ்க்லதான் கெடக்கு, பொண்ணு வீட்டுக்காரங்க வேற வீடியோ எப்ப எப்பன்னு போன் மேல போன்.

சரின்னு ஜங்ஷன் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் சேல்ஸ் அண்ட் சர்வீஸ் கடைக்குப் போனேன். பேரு போடல. மானிட்டர், யுபிஎஸ் எல்லாமே அங்க வாங்குனதுதான். போனதும் "வாங்க தம்பி"ன்னு டீ சொல்லிட்டு அண்ணாச்சியே உள்ள போயி எடுத்துட்டு வந்தாரு. சீகேட் 4 டிபி, சில்வர் கவர்ல சீல் வச்சு, உள்ள அந்த சிலிக்கா ஜெல் பொட்டலம் வரைக்கும் கெடக்கு. "பாக்ஸ் எங்க அண்ணாச்சி?"ன்னு கேட்டேன். "இது டிரேல வர்ற பீஸு தம்பி, பாக்ஸ் கெடயாது, ஃப்ரெஷ்ஷு. 9,200 ரூபா, ஒங்களுக்காக. நம்ம கடைல வாங்குனா நாந்தான் வாரண்டி." இந்த ஒரு வார்த்தைக்குத்தான் காச எடுத்து வச்சேன். ஜிஎஸ்டி பில்லு கேட்டா 18 பர்சன்ட் தனின்னுட்டு கச்சா சீட்டுல "4டிபி 1 நம்பர்"னு மட்டும் எழுதிக் குடுத்தாரு, சீரியல் நம்பர் கெடயாது.

பார்ட்டிஷன் போட்டு எம்டிஏடிஎம்ங்கிற ரெய்டு கமாண்ட்ல ஆட் குடுத்தேன், ரீபில்ட், அதாவது பழைய டிஸ்க்ல இருக்கறத புதுசுல காப்பி எடுக்கறது, ஜம்முன்னு ஓடிச்சு. 4 டிபிக்கு எப்படியும் ஏழெட்டு மணி நேரம் ஆகும்லா, வீட்டுக்குப் போயிட்டு வந்து பாத்தா பாதில நின்னு புது டிஸ்க் பக்கத்துல (எஃப்)னு போட்டிருக்கு, ஃபெயில்டாம். லாக்க எடுத்தா வரிசையா லிங்க் ரீசெட், டிஸ்க்கோட தொடர்பு விட்டு விட்டு வருது, கடைசில டிஸ்க்கே காணாம போயிருக்கு. கேபிளா இருக்கும்னு சாட்டா கேபிள மாத்துனேன், போர்ட்ட மாத்துனேன், பவர் கனெக்டரயும் மாத்திப் பாத்தேன். டிஸ்க் தன் நெலமையத் தானே எழுதி வைக்கிற ஸ்மார்ட் கணக்குல 199ஆவது அட்ரிப்யூட், சிஆர்சி எர்ரரு, கேபிள் கோளாறுன்னா அது ஏறணும், ஜீரோவாவே நிக்கி. பழைய டிஸ்க்ல படிக்கிறதுல பிரச்சினையோன்னு கெட்டுப்போன செக்டார காட்டுற 5, 197 ரெண்டையும் பாத்தேன், அதுவும் ஜீரோ. அப்ப புதுசுதான் சூடானதும் மண்டையப் போடுது.

கடைக்குத் தூக்கிட்டுப் போனா டீயும் கெடயாது தம்பியும் கெடயாது. சர்வீஸ் பையன் விண்டோஸ்ல சொருகி ஒரு குயிக் ஃபார்மட் அடிச்சுட்டு "நீலக் கலர்ல குட்னு காட்டுது பாருங்க சார்"ங்கான். குயிக் ஃபார்மட் டிஸ்க்ல கொஞ்ச எடத்ததான் தொடும், ரீபில்டுங்கிறது மொத செக்டார்லேர்ந்து கடைசி வரைக்கும் எழுதும், ரெண்டும் ஒண்ணாடேன்னு கேட்டா "லினக்ஸ்ல போட்டா அப்படித்தான் சார்". அண்ணாச்சி போன்ல இருந்து தலையே நிமிரல. அப்புறம் கூப்பிட்டா "டிஸ்ட்ரிபியூட்டர் மதுரைலேர்ந்து வரணும்", அடுத்து "ஒங்க பழைய டிஸ்க்குதான் கோளாறு", இப்ப ரிங் போகுது எடுக்கல.

கோவத்துல உக்காந்து நோண்டுனேன். ஸ்மார்ட்ல ஓடுன நேரம் வெறும் 11 மணின்னு இருக்கு. அத அழிச்சு ஜீரோவாக்கிரலாம்னு நெறைய பேருக்குத் தெரியாது. சீகேட்ல ஃபார்ம்னு தனியா ஒரு லாக் உண்டு, ஸ்மார்ட்சிடிஎல்ங்கிற டூலு 7.4ஓ அதுக்கு மேலயோ இருந்தா காட்டும். அதுல 31,000 மணிக்கு மேல! வருசத்துக்கு 8,760 மணி, நீங்களே போட்டுப் பாருங்க, மூணரை வருசம் எங்கயோ ராப்பகலா ஓடித் தேஞ்ச டிஸ்க்கு. லைட்டப் புடிச்சுப் பாத்தா ஸ்க்ரூ ஓட்டைல மரை தேஞ்சு பளபளங்குது, சாட்டா பல்லுல சொருகி உருவுன கீறல். 2025 ஆரம்பத்துல ஜெர்மனில இதே மாதிரி புதுசுன்னு வித்த பழைய டிஸ்க்குகள ஃபார்ம் லாக்க வச்சுத்தான் கண்டுபுடிச்சாங்க, சியாங்கிற கிரிப்டோக்கு ஓட்டுன டிஸ்க்கா இருக்கும்னு அப்ப பேச்சு. என்னுது எங்க ஓடிச்சோ. சீரியல் நம்பர கம்பெனி சைட்ல போட்டா வாரண்டியும் இல்ல, சிஸ்டம் தயாரிக்கிறவங்களுக்குக் குடுத்த பீஸாம். 9,200 ரூபா, சவத்த, ரெண்டு நாள் கேண்டிட் ஷூட் போன காசு.

என்னென்ன பாக்கணும்னு வெவரமா எழுதத்தான் ஆரம்பிச்சேன், கை ஓடல. சீரியல் நம்பரோட ஜிஎஸ்டி பில்லு இல்லாம வாங்காதீங்க. கடைலயே நின்னு போன்ல வாரண்டி செக் பண்ணுங்க. ரெய்டுல ஆட் பண்ணுறதுக்கு முன்னாடி ஃபார்ம் லாக்கப் பாத்துட்டு முழுசா ஒரு தடவ எழுதிப் பாருங்க, ஒரு நாள் போனாலும் போகட்டும். அதுக்கும் முன்னாடி மிச்சம் இருக்க டிஸ்க்க வேற எதுலயாவது காப்பி எடுத்துருங்க, நான் இப்ப அதத்தான் ஓட விட்டிருக்கேன்.

கடை பேரு கேட்டு யாரும் மெசேஜ் போடாதீங்க, நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915க்கு போன் அடிச்சு கம்ப்ளைன்ட் குடுத்திருக்கேன். 9,200 திரும்பி வந்தா சொல்லுதேன்.