கருவாட்டுக் கடைக்காரன் பார்த்த லூபெக்

ஜேர்மனியில் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் எங்கள் ஊர்ப் பெற்றோருக்கு வழக்கமாகக் காட்டப்படுபவை மூன்று: ஹம்பேர்க் துறைமுகம், ஏதாவது ஒரு பெரிய அங்காடி, ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயில். கோயிலை விட்டுவிடாதீர்கள். அங்காடியை விட்டுவிட்டு அந்த நாளை லூபெக் என்ற பழைய வியாபார நகரத்துக்குக் கொடுங்கள். ஹம்பேர்க்கிலிருந்து புகையிரதத்தில் முக்கால் மணி நேரம்தான்.

நான் திருகோணமலை மத்திய வீதியில் கருவாடு விற்கிறவன். கோபுர அழகு, ஓவிய நுட்பம் எதிர்பார்ப்பவர்கள் வேறு யாரையாவது கேட்டுக்கொள்ளுங்கள்.

நிலையத்திலிருந்து நடந்தால் முதலில் எதிர்ப்படுவது ஹோல்ஸ்டன் வாசல். 1478இல் கட்டி முடித்த இரட்டைக் கோபுரம். அடியில் சதுப்பு நிலம் என்பதால் பாரம் தாங்காமல் புதைந்து சற்றுச் சாய்ந்து நிற்கிறது. எல்லோரும் அதன் முன்னால் படம் எடுக்கிறார்கள். என் மகளும் என்னை நிறுத்தி எடுத்தாள். ஆனால் என் கண் போனது பக்கத்தில் திராவ ஆற்றங்கரையில் ஒட்டி ஒட்டி நிற்கும் ஆறு செங்கல் வீடுகளின் மேல். அவை உப்புக் களஞ்சியங்கள். 1579க்கும் 1745க்கும் இடையில் கட்டியவை. உப்பு வியாபாரம் அதற்கும் பழையது.

இந்த நகரம் பணக்கார நகரமானதன் சூட்சுமத்தில் பெரும் பங்கு அந்த உப்புக்குத்தான். பால்டிக் கடல் நீரில் உப்பு மிகக் குறைவு, வெயிலும் போதாது. லூனபேர்க் என்ற ஊரில் நிலத்தடி உவர் நீரை எடுத்து, விறகு எரித்துக் காய்ச்சி உப்பாக்கினார்கள். நிலாவெளி உப்பளத்தில் சூரியன் கூலி கேட்காமல் செய்யும் வேலைக்கு அங்கே காட்டையே அடுப்பில் வைத்திருக்கிறார்கள்! அந்த உப்பு முதலில் வண்டியிலும், 1398இல் வெட்டி முடித்த கால்வாய் வழியே பிறகு படகிலும் லூபெக் வந்து, கப்பலேறி இன்றைய சுவீடனின் தென்கரைக்குப் போனது. அங்கே ஹெர்ரிங் கூட்டம் கூட்டமாக வந்து சேரும். நமது சூடை, சாளைக்குச் சொந்தக்கார மீன். உப்பிட்டுப் பீப்பாயில் அடைத்தால் ஐரோப்பா முழுவதும் விலைபோகும், ஏனென்றால் கத்தோலிக்கர்களின் விரத நாட்களில் இறைச்சி ஆகாது, மீன் ஆகும். தவக்காலத்தில் என் கடையில் விற்பனை ஏறுவது எனக்குத் தெரியும். அதனால் இந்தக் கணக்கை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இதையெல்லாம் முறையாக அறிய 2015இல் திறந்த ஐரோப்பிய ஹன்சா நூதனசாலைக்குப் போக வேண்டும். தமிழ் கிடையாது, ஆங்கிலம் உண்டு. வாசிக்க ஏராளம் இருக்கிறது, எனக்குப் பாதிக்கு மேல் பொறுமை போதவில்லை. மீதியைப் பேரன் வாசித்துச் சொன்னான். அரசனும் நிரந்தரப் படையும் இல்லாமல், வியாபாரிகளும் நகரங்களும் சேர்ந்து நூற்றாண்டுக் கணக்கில் நடத்திய கூட்டுத்தான் ஹன்சா. அதன் கடைசிப் பொதுக்கூட்டம் 1669இல் இதே ஊரில் நடந்தது. ஹெர்ரிங் பீப்பாய்க்கு ரொஸ்டொக் நகரப் பீப்பாயை அளவாக வைத்திருந்தார்கள் என்றதும் எனக்குச் சிரிப்பு வந்தது. சாக்கின் அடியில் ஈரக் கருவாட்டை வைத்து மேலே காய்ந்ததை அடுக்குகிறவர்கள் எந்தக் கடற்கரையிலும் இருப்பார்கள் போலும்.

என்னை அதிகம் நிறுத்திவைத்தது நோர்வேயின் பெர்கன் பற்றிய பகுதி. அங்கிருந்து ஹன்சா வியாபாரிகள் வாங்கியது கோட் மீன் கருவாடு. அதில் ஒரு கல் உப்புக்கூட இல்லை. வடக்கே தலையை வெட்டி, இரண்டிரண்டாக வாலில் கட்டி, குளிர்காற்றில் தொங்கவிட்டே காயவைக்கிறார்கள். ஈ வராத குளிர், அழுகவிடாத காற்று. இங்கே உப்பில்லாமல் ஒரு கட்டாவை அப்படித் தொங்கவிட்டால் மாலைக்குள் தெரு காலியாகிவிடும்.

புனித மரியாள் தேவாலயத்தின் செங்கல் வளைவுக் கூரை 38.5 மீற்றர் உயரம். அண்ணாந்து பார்த்துவிட்டுத் தெற்குக் கோபுரத்தடிக்குப் போங்கள். 1942 மார்ச் 28 இரவில் தொடங்கிய பிரித்தானியக் குண்டுவீச்சில் கோபுரம் எரிந்து, மணிகள் அறுந்து விழுந்தன. விழுந்த இடத்திலேயே, தரையைப் பிளந்து புதைந்தபடி, நொறுங்கிய வெண்கலத்தை அப்படியே விட்டிருக்கிறார்கள். ஒரு துண்டு மடிந்து நெளிந்து கிடக்கிறது. திருகோணமலையில் ஜப்பான் குண்டு போட்டது அதே ஆண்டு ஏப்ரல் 9. இரண்டுக்கும் இடையில் இரண்டு வாரம்கூட இல்லை. அந்தக் குண்டுவீச்சைக் கண்ட சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகளை ஏலத்துக்கும் ஒப்பந்தத்துக்கும் மட்டுமே நினைக்கும் நம்மவர்கள் இதைப் பார்க்க வேண்டும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1806 முதல் மர்சிப்பான் விற்கும் நீடெரெக்கர் கடை மகள்களுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் ஏற்றது; பாதாமும் சீனியும், எனக்கு ஒரு துண்டு போதும். புனித பேதுரு கோபுரத்தில் மின்தூக்கி இருக்கிறது, முழங்கால் வலிக்காரர்கள் பயப்படாமல் மேலே போகலாம். வீடுகளுக்கிடையே தலைகுனிந்து நுழையும் ஒடுக்கமான சந்துகள் உண்டு. அங்கே ஆட்கள் குடியிருக்கிறார்கள், சன்னலுக்குள் எட்டிப் பார்க்காதீர்கள். நகர மண்டபத்தை அண்டிய ஓர் உணவகத்தில் தண்ணீருக்கே பியர் விலை வாங்கினார்கள். போத்தலில் நிரப்பிக்கொண்டு போவது நல்லது.

மதியச் சாப்பாட்டை அங்கே வீணாக்காமல் மீண்டும் புகையிரதமேறி கடலோரம் திராவமுண்ட போய்விடுங்கள். பாணுக்குள் மாட்யஸ் ஹெர்ரிங்கும் வெங்காயமும் வைத்துத் தருகிறார்கள். அவித்ததுமல்ல, பொரித்ததுமல்ல. பேரன் முகத்தைச் சுளித்தான்; நான் இரண்டாவதும் வாங்கினேன். தட்டில் அடுக்கியிருந்த மீன்களில் இரு பக்கச் சதையும் வாலில் மட்டும் ஒட்டியிருக்க, நடுமுள் சுத்தமாக உருவப்பட்டிருந்தது. உப்பு மட்டாக இருந்தது, வாயில் வைத்ததும் கரைந்தது. குடலை எடுக்கும்போது கணையத்தை மட்டும் உள்ளே விட்டுவிடுவார்களாம், அதிலுள்ள நொதிதான் சதையைப் பதமாக்குகிறது என்று பேரன் மூலம் கேட்டறிந்தேன். சூடையில் செய்து பார்க்க எனக்கு ஆசைதான். எங்கள் வெயிலில் ஐஸ் செலவே மீன் விலையைத் தாண்டிவிடும் என்று மருமகன் அங்கேயே கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார்.