ஜிகினா ஆல்பம்: நாலு வருஷம் கழிச்சு எது ஒட்டியிருக்கு, எது உதிர்ந்திருக்கு

2021 தை மாசம் தங்கச்சி கல்யாணத்துக்கு நானே கையால ஒரு ஸ்க்ராப்புக் ஆல்பம் செஞ்சு குடுத்தேன், 32 பக்கம், பக்கத்துக்குப் பக்கம் ஜிகினாத்தூளு, குந்தன் கல்லு, பேப்பர் பூ. போன மாசம் அவ பாளையங்கோட்டைக்கு வந்தப்ப ஆல்பத்தையும் கொண்டு வந்தா. ஒவ்வொரு பக்கமா தடவித் தடவி பாத்ததுல எனக்கு ஒண்ணு நல்லா தெளிஞ்சு போச்சு, நம்ம ஊர் வெயிலுக்கும் ஈரத்துக்கும் ஜிகினா எந்த ரகம்ங்கறது பெருசில்ல, பசை எது, அதை எவ்வளவு மெல்லிசா பூசுனோம், எத்தனை மணி நேரம் காயவிட்டோம், இதுலதான் எல்லாமே இருக்கு.

முதல்ல போனது டபுள் டேப். ரிப்பனும் லேஸும் அதுலதான் ஒட்டியிருந்தேன், ரெண்டு கோடை தாண்டுறதுக்குள்ள பசை இளகி ஓரத்துல வழிஞ்சு, அதுல தூசி அப்பி, இப்ப மஞ்சக் கோடா நிக்கி. க்ளூ கன் வச்சு ஒட்டுன பூவெல்லாம் ஒரு மே மாசம் பாபநாசம் போனப்ப போச்சு, ஆல்பத்த கார் பின் கண்ணாடிகிட்ட வச்சுட்டு குளிக்கப் போய்ட்டாங்க, வந்து பாத்தா ஏழு பூ தனியா கெடக்கு. அந்த க்ளூ உருகித்தான் ஒட்டுது, அதனால நல்ல சூடு பட்டா திரும்ப இளகத்தான் செய்யும். கல்லுக்குப் போட்ட இன்ஸ்டன்ட் க்ளூ வேற மாதிரி, கல்லு அசையல, ஆனா சுத்திலும் வெள்ளையா பூத்து கல்லோட பளபளப்பே செத்துப் போச்சு. அதுக்குப் பொறவு கல்லுக்கு ஊசிமூக்கு ட்யூப்ல வர்ற பி7000ங்கற பசைதான் போடுதேன், ஒரு நாள் முழுக்க காயணும், அவசரக்காரங்களுக்கு ஆகாது, ஆனா கண்ணாடி மாதிரி தெளிவா நிக்கும்.

ஜிகினாவுக்கு சாதா வெள்ளப் பசைதான், ஃபெவிகால் எம்ஆர். காஞ்சா நிறமில்லாம போயிரும், அதனால ஜிகினா விழாத எடத்துல அடிப் பேப்பர் பல்லக் காட்டும். இதுக்கு நான் கண்ட வழி, தங்க ஜிகினாவுக்கு அடியில மொதல்ல மாம்பழ மஞ்சள் அக்ரிலிக் பெயின்ட் ஒரு கோட்டு அடிச்சு காயவிட்டு, அதுக்கு மேல பிரஷ்ல பசைய மெல்லிசா இழுத்து, பெரிய ஜிகினாவ முதல்ல தூவி, இடைவெளியெல்லாம் நைஸ் ஜிகினாவால நிரப்புறது. தூவுனதும் உதறக்கூடாது, ராத்திரி முழுக்க அப்படியே விட்டுட்டு காலைல கவுத்தி பின்பக்கம் ரெண்டு தட்டு தட்டுனா போதும். கடைசியா ரெண்டு பங்கு பசைக்கு ஒரு பங்கு தண்ணி கலந்து மேல ஒரு பூச்சு. இந்தக் கடைசிப் பூச்ச நான் பாதிப் பக்கத்துக்குத்தான் குடுத்தேன், மீதிப் பக்கத்துக்கு நேரமில்ல, கல்யாண வேலை. பூசுன பக்கத்த இன்னைக்கும் விரலால தேய்ச்சா ஒரு பொட்டு வரல, பூசாத பக்கத்துல கை பூரா தங்கம், எதிர்த்த பக்கத்துல இருந்த ஃபோட்டோவுல கீறலும் விழுந்திருக்கு. அத பாத்து மனசு அடிச்சுக்கிட்டது எனக்குத்தான் தெரியும், அதுல எங்க தாத்தா இருக்காரு.

ஆனா அதே பூச்சு ஈரத்துல ஒரு வேலை காட்டிருச்சு. 2023 டிசம்பர் 17, 18ல பெஞ்ச மழை நம்மாளுக யாரும் மறக்கமாட்டோம், தங்கச்சி வீடு திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம், தெருவுக்குள்ள தாமிரபரணி தண்ணி. ஆல்பம் பீரோ மேல்தட்டுல இருந்ததால நனையல, ஆனா வாரக்கணக்குல வீடு பூரா ஈரவாடை, வெள்ளப் பசை ஈரத்துக்கு இளகுற சாதிதானே, எதிரெதிர் பக்கம் ரெண்டு ஜோடி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிச்சு. ஒரு ஜோடிய பைய பைய பிரிச்சுட்டோம், இன்னொண்ணு கிழிஞ்சு போச்சு. இடையில பட்டர் பேப்பர் வச்சிருந்தா இது நடந்திருக்காது, இப்ப எல்லாப் பக்கத்துக்கும் வச்சுட்டேன்.

அப்ப மைதாப் பசை காய்ச்சி ஒட்டலாமான்னு யோசிச்சேன், ஆச்சி உடனே, "ஏளா, மாவுப் பசை போட்டா ராமபாணப்பூச்சி வந்து அரிச்சுரும், தாத்தா கணக்கு நோட்டெல்லாம் அப்படித்தான போச்சு"ன்னு சொல்லிட்டா. சரிதான், விட்டுட்டேன். ஃபோட்டோவுக்கு மட்டும் எந்தப் பசையும் வேண்டாம், நாலு மூலைலயும் பேப்பர் கார்னர் வச்சு சொருகுங்க, நாளைக்கு வெளிய எடுக்கணும்னா எடுக்கலாம்.

வேலை செய்யும்போது ஃபேன நிறுத்தித்தான் ஆகணும், வெந்து போவோம், வேற வழியில்ல. அடியில பிளாஸ்டிக் தட்டு வைக்காதீங்க, ஜிகினா அதுல போய் ஒட்டிக்கிடும், மடிச்ச பேப்பர் வச்சா மிச்சத்த அப்படியே டப்பாவுல கொட்டிரலாம். தரையில சிந்துனத பெசஞ்ச கோதுமை மாவு உருண்டைய உருட்டி எடுத்து குப்பையில போடுங்க, தண்ணி ஊத்தி சாக்கடைல தள்ள வேண்டாம். அது பாலியஸ்டர் பிளாஸ்டிக்ல அலுமினியம் ஏத்தி வெட்டுனது, மக்காது. ஐரோப்பிய யூனியன்ல 2023 அக்டோபர்லருந்து உதிரி பிளாஸ்டிக் ஜிகினா விக்கவே தடை போட்டுட்டாங்க, நம்ம சாக்கடை எங்க போய் சேருதுன்னு நமக்குத் தெரியும்.

ஒண்ணு சொல்ல விட்டுட்டேன். அட்டையில பத்தமடைப் பாய்த் துண்டு ஒண்ணு வெட்டி வச்சிருந்தேன், ஓரம் பிரியாம இருக்க வெட்டுறதுக்கு முன்னாடியே வெள்ளப் பசை தடவி காயவிட்டு வெட்டுனது. வெயில், மழை, ஈரம் எல்லாம் பாத்தும் ஒரு கோரை கூட பிரியல.